மாரிக்குப்பம் டு தன்பாத்: அக்கா பையனை மைனிங் படிப்புல சேர்த்துவிட்டு வந்த டைரி

நாள் 1, மாரிக்குப்பம்

தன்பாத்துன்னா எனக்கு இத்தனை வருஷமா காட்பாடி ஸ்டேஷன்ல மைக்ல சொல்ற ஒரு ஊர் பேரு, அவ்ளோதான். இப்போ ஜார்க்கண்ட்ல இருக்கற அந்த நிலக்கரி ஊருக்குத்தான் போறோம். அக்கா பையனுக்கு தன்பாத் ஐஐடில மைனிங் இன்ஜினியரிங் கெடச்சிருக்கு, அக்காவுக்கு லீவு கெடைக்கல, மாமாவுக்கு முதுகுவலி, கடைசில சித்தி நான்தான் மாட்டினேன். ஸ்கூல்ல பிளஸ் ஒன் பிசிக்ஸ் பாதில விட்டுட்டு பத்து நாள் லீவு எழுதிக் குடுத்ததுக்கு எச்எம் பாத்த பார்வைய தனியா ஒரு போஸ்ட்டா போடணும்.

கெளம்பறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு கேஜிஎஃப் வந்தோம், அதான் கோலார் தங்கவயல், தங்கச் சுரங்க ஊரு. பங்காருப்பேட்டைல மாறி மாரிக்குப்பம் வண்டி பிடிச்சா கடைசி ஸ்டேஷன், அதுக்கு மேல தண்டவாளம் கெடையாது. அம்மா இன்னும் அதே லைன் வீட்லதான் இருக்கு. எத்தனை தடவ கூப்பிட்டாலும் நான் இருக்கற ஆம்பூருக்கு வராது, அங்க வெயிலு ஜாஸ்தின்னு ஒரு சாக்கு.

பையன் ஆயா கால்ல விழுந்தான். அம்மா திருநீறு எடுத்து வச்சுட்டு, "எந்தக் கோர்ஸ்டா"ன்னு கேட்டுச்சு. மைனிங்னான். அம்மா கை அப்படியே நின்னுடுச்சு. "உங்க தாத்தா குழியில எறங்கினது போதாதா, நீ வேற எறங்கணுமா"ன்னு அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாம உள்ள போய் அரிசி களைய ஆரம்பிச்சுடுச்சு. பையன் என்னப் பாக்கறான், நான் அவனப் பாக்கறேன்.

எங்கப்பா சாம்பியன் ரீஃப் மைன்ல அண்டர்கிரவுண்ட்ல வேலை பாத்தவர். சுமாரா 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம் போன மைன் அது. அவ்ளோ கீழ பாறையே 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கும், காத்த குளிராக்கி அனுப்பினாதான் மனுஷன் நிக்க முடியும். அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா பனியன பிழிஞ்சு காயப் போடுவார், அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதவிட ஞாபகம் இருக்கறது ராத்திரில வீடே ஒரு உலுக்கு உலுக்கும், தட்டு டம்ளர் எல்லாம் சத்தம் போடும், லைன்ல இருக்கற எல்லா பொம்பளைங்களும் வெளிய வந்து நிப்பாங்க. யாரும் கத்த மாட்டாங்க, சும்மா நிப்பாங்க. கீழ எந்த லெவல்ல, எந்த ஷிஃப்ட்டுன்னு சேதி வர்ற வரைக்கும் அப்படியே. ராக் பர்ஸ்ட்.

பிசிக்ஸ் படிச்ச பிறகுதான் அது என்னன்னு புரிஞ்சுது. கேஜிஎஃப் கல்லு ரொம்ப கெட்டி, கருங்கல்லு மாதிரி ஒரு கருப்புக் கல்லு, அதுக்குள்ள வெள்ளையா குவார்ட்ஸ் ஓடும், தங்கம் அதுலதான். கெட்டிக் கல்லு சுலபத்துல வளையாது, மேல இருக்கற 3 கிலோமீட்டர் பாரத்தையும் வாங்கி வாங்கி வில்லு மாதிரி உள்ளயே சேத்து வச்சுக்கும், தோண்டித் தோண்டி தாங்கற இடம் கொறைஞ்சுதுன்னா ஒருநாள் மொத்தத்தையும் ஒரே நொடில விட்டுரும். பாறை வெடிக்கும். வெடிமருந்தே வேணாம். அதுக்குத்தான் மைன்ஸ்ல தோண்டின எடத்துல மரத்துக்குப் பதிலா கிரானைட் கல்ல அடுக்கி சுவர் வச்சாங்க, அப்பறம் கான்கிரீட்டும் போட்டாங்க. 1978ல பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காரங்க இங்க வந்து பூமியதிர்ச்சி பதியற கருவி நெட்வொர்க்கே போட்டு, எந்தப் பக்கம் பாறை முனகுதுன்னு காது வச்சுக் கேட்டாங்க. அதுக்கப்பறம் 1988ல சுரங்க அமைச்சகத்துக்குக் கீழ தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம்னு ஒண்ணு இங்க கேஜிஎஃப்லயே ஆரம்பிச்சாங்க. 2001 பிப்ரவரி கடைசில மைன்ஸ மூடினாங்க. ஊர்ல பாறை உலுக்கறதப் பத்தி படிச்ச ஆபீஸ் வந்து பன்னெண்டு பதிமூணு வருஷத்துல உலுக்கறதுக்கு மைனே இல்லாம போச்சு, என்ன சொல்றது.

சாயந்திரம் பையன சைனைடு மேட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். கல்ல மாவா அரைச்சு, லேசான சைனைடு தண்ணில ஊற வச்சா தங்கம் கரைஞ்சு தண்ணிக்குள்ள போயிடும், மிச்ச மாவ வெளிய கொட்டுவாங்க, அப்படிக் கொட்டிக் கொட்டி 3 கோடி டன்னுக்கு மேல சேந்து மலையா நிக்குது. நாங்க சின்ன வயசுல சறுக்கு விளையாண்ட மலை. காத்தடிச்சா சோத்துல விழும். பையன் செல்ஃபி எடுத்தான். "சித்தி, இதுல இன்னும் தங்கம் இருக்கு தெரியுமா"ன்னான். தெரியும்டா, அது தெரியாத ஆளு இந்த ஊர்ல இல்ல.

கெளம்பும்போது அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "அந்த ஊர்ல கல்லு எப்படி இருக்கும்?"

எனக்குத் தெரியல. பாத்துட்டு வந்து சொல்றேன்னேன்.

நாள் 2, ரயில்

காட்பாடில ஏறினோம். ஆலப்புழாலருந்து வர்ற தன்பாத் எக்ஸ்பிரஸ், ரெண்டு ராத்திரி வண்டில. ஸ்டேஷனுக்கு வெளிய லாட்ஜ் போர்டெல்லாம் இந்தி, பெங்காலி. சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வர்றவங்க கூட்டம் அவ்ளோ. நம்ம பெட்டில பாதிப் பேரு கைல எக்ஸ்ரே கவரோடதான் இருந்தாங்க.

எதிர் சீட்ல ஒரு பெரியவர், அவர் சம்சாரம், மருமகன். தன்பாத்துக்குப் பக்கத்துல ஜரியா, நிலக்கரி ஊரு. வேலூர்ல வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்து தங்கி வைத்தியம் பாக்கறதால "சாப்பாடு", "எவ்ளோ", "போதும்மா" இதெல்லாம் தமிழ்ல வருது அவருக்கு. நம்ம இந்தி அதவிட மோசம். நடுவுல பையன் மொழிபெயர்ப்பு. பெரியவர் முப்பது வருஷத்துக்கு மேல நிலக்கரி மைன்ல மால்கட்டாவா இருந்தவராம், கரி வெட்டி தொட்டில அள்ளிப் போடற ஆளுக்கு அங்க அந்தப் பேரு. மூச்சு விடும்போது ஒரு சின்ன விசில் சத்தம் வருது, கெட்டில்ல தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடி வருமே அது மாதிரி. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

எங்கப்பாவுக்கு ரிட்டயர் ஆனப்பறம் இருமல் ஆரம்பிச்சுது. ஒரு டாக்டர் டிபின்னு ஆறு மாசம் மாத்திரை குடுத்தாரு, இன்னொருத்தர் ஆஸ்துமான்னாரு, மூணாவது ஆள் பீடிய விடுங்கன்னாரு, எங்கப்பா பீடி புடிச்சதே இல்ல. என்ன வேலை பாத்தீங்கன்னு மூணு பேருல ஒருத்தரும் கேக்கல. கல்லுத் தூசி நுரையீரல்ல படிஞ்சு வர்ற சிலிகோசிஸ்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள நுரையீரல்ல பாதி போச்சு. கடுப்பாவுறது எதுக்குன்னா இது புதுசா கண்டுபிடிக்க வேண்டிய நோயே இல்ல, 1940கள்லயே கேஜிஎஃப்ல 7,653 தொழிலாளிங்கள எக்ஸ்ரே எடுத்துப் பாத்து 40 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு எழுதியாச்சு, டாக்டருக்குப் படிக்கற பசங்க பொது சுகாதாரப் புத்தகத்துலயே கேஜிஎஃப் சிலிகோசிஸ் வருது. பரீட்சைக்கு எழுதினவங்கதான் அந்த மூணு பேரும்.

பெரியவர்கிட்ட மருமகன் மூலமா கேட்டேன், கீழ எதுக்கு ரொம்ப பயப்படுவீங்கன்னு. கேஸு, தண்ணின்னு சொல்வார்னு நெனச்சேன். விரல மேல காட்டினாரு. "சால்." தலைக்கு மேல இருக்கற கூரைய அவங்க சால்ங்கறாங்க. சால் விழுந்தாத்தான் ஆளுங்க ஒண்ணு ரெண்டா போவாங்க, ஒண்ணு ரெண்டா போறதால பேப்பர்ல வராதுன்னாரு. அப்பறம் முட்டு குடுக்கற மரத்தப் பத்தி சொன்னாரு. மரம்னா ஒடையறதுக்கு முன்னாடி கிர்ர்ருன்னு பேசும், கேட்டதும் ஓடலாம், இரும்பு வந்தப்பறம் அது பேச மாட்டேங்குது. இத சொல்லிட்டு அவரே சிரிச்சாரு, சிரிப்பு இருமலா மாறி நிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. சம்சாரம் முதுகத் தடவிட்டே என்னைப் பாத்து "போதும்மா"ன்னாங்க, தமிழ்ல.

நாள் 3

விசாகப்பட்டினம், ராயகடா, தித்லாகர், ரூர்கேலா, ராஞ்சி. மழை. ராயகடா பக்கம் மலை நல்லா இருந்துச்சு, மத்தபடி தூக்கம். மறுநாள் காலைல தன்பாத்ல எறங்கும்போது பெரியவர் பையன் தலைல கை வச்சு ஏதோ சொன்னாரு. என்னன்னு கேட்டா, "ஜல்தி மத் கர்னா"ன்னாராம். அவசரப்படாதே.

அன்னிக்கு ராத்திரி லாட்ஜ்ல ரூம் ஒழுகுச்சு. பக்கெட் வச்சு படுத்தோம்.

நாள் 4, ஐஐடி

அட்மிஷன் வரிசை, சர்டிஃபிகேட், ஹாஸ்டல், மெத்தை, பக்கெட், மக். எல்லா ஊர் காலேஜும் இதுல ஒண்ணுதான்.

1926ல இந்திய சுரங்கப் பள்ளின்னு வெள்ளக்காரன் ஆரம்பிச்சது, 2016லதான் ஐஐடி ஆச்சு. ஊருக்குள்ளயே டிஜிஎம்எஸ் தலைமை ஆபீஸும் இருக்கு, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், நாட்ல எந்த மைன்ல ஆள் செத்தாலும் ஃபைல் இங்க வரும். 1902ல கல்கத்தால ஆரம்பிச்சு 1908ல தன்பாத்துக்கு மாத்தினாங்களாம், சாவு எங்க இருக்கோ அங்க ஆபீஸ்.

சீனியர் பசங்க எல்லாருமே சேர்ந்த முதல் நாளே ஜூனியருக்கு சொல்ற கதை ஒண்ணு இருக்கு. ஜஸ்வந்த் சிங் கில், இங்க படிச்சவர். 1989 நவம்பர்ல ராணிகஞ்ச் மகாவீர் மைன்ல தண்ணி பூந்துருச்சு, 71 பேரு சிக்கிட்டாங்க, 6 பேரு போயிட்டாங்க, 65 பேரு உயிரோட கீழ. மேலருந்து புதுசா ஒரு துளை போட்டு, ஆள் ஒருத்தர் நின்னா போதும்ங்கற அளவுல இரும்புல ஒரு கூண்டு செஞ்சு, அதுல மொதல்ல இவரே எறங்கி, ஒவ்வொருத்தரா 65 பேரையும் மேல அனுப்பிட்டாரு. பையன் கண்ணு பளபளன்னு ஆயிடுச்சு. எனக்கு என்னமோ, அந்தக் கூண்ட வெல்டு பண்ணின ஆளுங்க பேரும் தெரிஞ்சா நல்லா இருக்கும்னு தோணுச்சு.

மைனிங் கிளாஸ்ல பொண்ணுங்களும் இருக்காங்க. 2019 வரைக்கும் பொம்பளைங்க அண்டர்கிரவுண்ட்ல வேலை பாக்கவே கூடாதுன்னு சட்டம், அந்த வருஷம்தான் தளர்த்தினாங்க. நான் பத்தாவது படிக்கும்போது அப்பாகிட்ட ஒருநாள் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன், சிரிச்சுட்டு, குழிக்குள்ள லிஃப்ட் எறக்கற கேஜ்காரன் விடமாட்டான்னாரு.

நாள் 5, சிம்ஃபர்

இந்த ட்ரிப்ல எனக்குப் பிடிச்ச நாள் இதுதான், கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

சிம்ஃபர்னா மத்திய சுரங்க மற்றும் எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம், மத்திய அரசோட ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் கீழ வர்றது. 1956ல வந்த சுரங்க ஆராய்ச்சி நிலையமும் திக்வாடில 1950ல திறந்த எரிபொருள் ஆராய்ச்சி நிலையமும் 2007ல ஒண்ணாச் சேந்தது. கூட வேலை பாக்கற டீச்சரோட அண்ணன் அங்க இருக்காரு, நம்ம திருச்சிக்காரர், பெர்மிஷன் எல்லாம் வாங்கி வச்சிருந்தாரு. பேரு போட வேணாம்னு சொல்லிட்டாரு, சார்னே வச்சுக்கலாம்.

நான் ஏதோ ராக்கெட் ஆராய்ச்சி மாதிரி நெனச்சுப் போனேன். மொதல்ல காமிச்சது என்னன்னா, கம்பி வலைல செஞ்ச ஒரு சின்ன டிரம், பாதி தண்ணில முங்கி இருக்கு, மோட்டார் வச்சு மெதுவா சுத்துது. உள்ள கல்லு. ஒவ்வொண்ணும் 40லருந்து 60 கிராம், மொத்தம் பத்து கல்லு. நிமிஷத்துக்கு 20 சுத்து, பத்து நிமிஷம், அப்பறம் எடுத்து காய வச்சு எடை போடணும். அவ்ளோதான் டெஸ்ட்டு. எங்க ஸ்கூல் லேப்ல பண்ணலாம்!

ஆனா நின்னு பாத்தேன் பாருங்க. ஒரு டிரம்ல மணற்கல்லு, சுத்தி முடிச்சு எடுத்தாலும் கல்லு கல்லாவே இருக்கு, தண்ணி லேசா கலங்கல். இன்னொண்ணுல ஷேல், களிமண் எறுகி எறுகி ஆன கல்லு. கைல எடுத்துப் பாத்தேன், நல்ல கெட்டி, நகத்தால கீறினாக்கூட சும்மா ஒரு கோடுதான். சுத்த ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷமே தண்ணி டீ கலர் ஆச்சு, அப்பறம் சாக்கடை கலர், பத்து நிமிஷம் கழிச்சு வலையத் தெறந்தா பாதிக் கல்லு இல்ல. அடில சேறு.

சார் சொன்னாரு, "மேடம், நிலக்கரிக்கு மேல கூரையா நிறைய எடத்துல இருக்கறது இதுதான்."

வெட்டின அன்னிக்கு இரும்பு மாதிரி இருக்கும், கீழ ஓடற ஈரக் காத்து பட்டு பட்டு நாலு மாசத்துல அப்பளமா உதிரும். கேஜிஎஃப்ல கல்லு ரொம்ப கெட்டியா இருந்து கொன்னுச்சு, இங்க மெத்துனு இருந்து கொல்லுது. இங்க இருக்கறவங்க அதுக்கு நூறு மார்க்குக்கு ஒரு பேப்பர் போட்டு வச்சிருக்காங்க. கூரைக்குத்தான் மார்க்கு. அடுக்கு எவ்ளோ தடிமன்ங்கறதுக்கு 30, விரிசல் வகையறாவுக்கு 25, இந்த டிரம்ல கரையற சமாச்சாரத்துக்கு 20, கல்லோட பலத்துக்கு வெறும் 15, தண்ணிக் கசிவுக்கு 10. கல்லு பலமா இருக்கறதுக்கு 15தானான்னு கேட்டேன். பலமான கல்லா இருந்தாலும் அடுக்கு அடுக்கா பிரிஞ்சு இருந்தா என்ன பிரயோஜனம், புத்தகக் கட்டு மாதிரி ஒவ்வொண்ணா நழுவும்னாரு. அந்த மார்க்க வச்சுத்தான் கூரைல எத்தனை போல்ட்டு, எவ்ளோ இடைவெளின்னு முடிவு பண்ணுவாங்க. மேல துளை போட்டு கம்பிய சொருகி, சிமெண்டோ ரெசின் பசையோ வச்சு பிடிக்க விட்டு, கீழ தட்டு வச்சு நட்ட முறுக்கறது. பழைய நோட்டுகள ஒண்ணாச் சேத்து கோணி ஊசில தைப்போமே, அதேதான்.

இந்த மார்க் முறைய இங்கயும் பக்கத்துல ஐஐடிலயும் சேந்து நம்ம நாட்டு மைன்களுக்குன்னே 1980கள்ல போட்டிருக்காங்க. மார்க் போடறதுன்னா நமக்குத் தெரியாதா, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருச்சு.

அடுத்த ரூம்ல கரித்தூள். கண்ணாடிக் குழாய்ல தூள போட்டு, சுத்தி நிமிஷத்துக்கு ஒரு டிகிரின்னு சூடு ஏத்தறாங்க, உள்ள காத்து ஓடுது. ரெண்டு தெர்மாமீட்டர், வெளிச்சூடு ஒண்ணு, கரிச்சூடு ஒண்ணு. மொதல்ல கரி பின்தங்கியே வரும். ஏதோ ஒரு எடத்துல வெளிச்சூட்ட எட்டிப் புடிச்சு, தாண்டி, அதுவா மேல போக ஆரம்பிச்சுரும். அந்தத் தாண்டற டிகிரிதான் அவங்களுக்கு வேணும். 120லருந்து 140க்குள்ள தாண்டினா அந்தக் கரி தானா பத்திக்கற ஜாதி, 160க்கு மேல போனா கொஞ்சம் நல்ல பிள்ளை. வைக்கோல் போர் ஈரத்தோட போட்டா உள்ள வெந்து பத்திக்கும்ல, அதே கணக்கு, சூடு வெளிய போக வழி இல்ல. மணிக்கணக்கா உக்காந்து ரீடிங் எடுக்கணும். ஒரு ஆராய்ச்சி மாணவி உக்காந்திருந்துச்சு, கைல நோட்டு, பக்கத்துல டிஃபன் பாக்ஸ். போரடிக்கலையான்னு கேட்டேன். போரடிக்கும் மேம், ஆனா தாண்டற நிமிஷம் எழுந்து நின்னுருவேன்னுச்சு.

மைன்ல வெடிக்கற வெடிமருந்த சோதிக்கற எடத்த வெளிலருந்து காட்டினாரு, அன்னிக்கு டெஸ்ட் இல்ல. மீத்தேன் காத்துல 5லருந்து 15 சதவீதம் இருந்தா வெடிக்கும், அதனால நிலக்கரி மைனுக்குன்னு தனி மருந்து, வெடிக்கும்போது சுத்தி இருக்கற கேஸ பத்த வைக்கக் கூடாது. எப்படின்னா உப்பு. நம்ம சாப்பாட்டு உப்புதான், மருந்துல கலந்துருவாங்க, தீயோட சூட்ட அது வாங்கிக்கும். அத கேஸ் நெறச்ச பெரிய குழாய்க்குள்ள வெடிச்சுப் பாத்து, பத்தலேன்னாதான் பாஸ். வெடிக்காம இருக்கறதுக்கு வெடிச்சுப் பாக்கறாங்க.

திக்வாடி பக்கமும் போனோம், கரி கழுவற சமாச்சாரம். ஜரியாக் கரிதான் இரும்பு உருக்கறதுக்கு வேண்டிய கோக் கரி, ஆனா சாம்பல் ஜாஸ்தி. அடர்த்தியான ஒரு திரவத்துல கொட்டினா நல்ல கரி மெதக்கும், கல்லு முங்கும். அம்மா அரிசி களையறது ஞாபகம் வந்துச்சு. மழை ஜாஸ்தியானதால சீக்கிரமே திரும்பிட்டோம்.

கெளம்பும்போது சார்கிட்ட கேட்டேன், இவ்ளோ கண்டுபிடிச்சிருக்கீங்களே, ஏன் இன்னும் ஆளுங்க சாவறாங்க. கொஞ்ச நேரம் பேசல. நாங்க போல்ட்டுக்கு நடுவுல எவ்ளோ கேப்புன்னு எழுதிக் குடுப்போம் மேடம், அங்க போய் டேப்பு வச்சு அளக்கறது நாங்க இல்லன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு, நல்ல டீ.

நாள் 6, ஜரியா

பையனுக்கு கிளாஸ் ஆரம்பிக்க ரெண்டு நாள் இருக்கு, ஆட்டோ பிடிச்சு ஜரியா போனோம். ஆட்டோக்காரரு எங்க எறங்கலாம் எங்க எறங்கக் கூடாதுன்னு நல்லாத் தெரிஞ்ச ஆளு.

இங்க பூமிக்கு அடில தீ. 1916ல பௌரா மைன்ல மொதல்ல பாத்தாங்க, இன்னும் எரியுது. நூறு வருஷத்துக்கு மேல. நேத்து குழாய்ல பாத்த அதே சமாச்சாரம்தான், குழாய் மட்டும் ஊர் சைஸு. அந்தக் காலத்து முதலாளிங்க கரிய வெட்டி எடுத்துட்டு ஒழுங்கா மணல் போட்டு மூடாம விட்டுட்டாங்க, பழைய சந்து பொந்து வழியா காத்து போகுது, மிச்சக் கரி தானா சூடாகி பத்திக்குது, பத்தினது வெந்து கீழ எறங்க மேல நெலம் வெடிக்குது, அந்த வெடிப்பு வழியா இன்னும் காத்து. 1970கள் ஆரம்பத்துல மைன்ஸ அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அணைக்கறதுக்கு மணல், தண்ணி, நைட்ரஜன், மண்ண மேல கொட்டி மூடறது, தீ இருக்கற பகுதியையே தோண்டி எடுக்கறதுன்னு எல்லாம் ஆராய்ச்சி பண்ணி செஞ்சு பாத்தாச்சு. 2009ல மாஸ்டர் பிளான்னு ஒண்ணு போட்டாங்க, ஜனங்கள வேற எடத்துல குடி வைக்க. பேல்கடியான்னு ஒரு காலனி கட்டிக் குடுத்திருக்காங்க. ஆட்டோக்காரரோட தங்கச்சி அங்க போயிட்டு, வேலை இல்லன்னு பகல்ல திரும்ப இங்கயே வருதாம் கரி பொறுக்க.

மழை தூறிட்டே இருந்துச்சு. ஒரு எடத்துல ரோட்டோரம் நெலம் பூரா ஆவி. மழத்துளி விழுந்த எடத்துலயே சுஸ்ஸுன்னு எழும்புது, தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி. கந்தக நாத்தம், தொண்டைல கரகரன்னு ஒட்டிக்குது. செருப்புக்கு அடில சூடு தெரியுது. அஞ்சடி தள்ளி ஒரு வீடு, செவுத்துல மேலருந்து கீழ கை நொழையற அளவு விரிசல், அந்த விரிசல்ல துணி அடைச்சிருக்காங்க. உள்ள டிவி ஓடுது. ஒரு அம்மா வாசல்ல கோலம் மாதிரி ஏதோ மண்ணு பூசிட்டு இருந்துச்சு, என்னன்னு கேட்டா வெடிப்ப மெழுகறாங்களாம். தெனமும் மெழுகணும், மறுநாள் அதே எடத்துல தெறந்துரும்.

அந்தம்மா பண்றது கரெக்டு. காத்து போற வழிய அடைக்கறது. நேத்து லேப்ல சொன்னதும் அதுதான்.

சைக்கிள்ல கரி மூட்டை கட்டிட்டு வரிசையா தள்ளிட்டுப் போறாங்க, சைக்கிளே தெரியல, மூட்டைதான் நகருது. பையன் ஃபோட்டோ எடுக்கப் போனான், வேணாம்னுட்டேன்.

திரும்பும்போது தோண்டிப் போட்ட மண்மேட்டுல ஒரு சாம்பல் கலர் கல்லு கெடந்துச்சு, உள்ளங்கை அளவு, அடுக்கு அடுக்கா. பைல போட்டுக்கிட்டேன்.

நாள் 7, சாஸ்நாலா

இங்க போகலாமா வேணாமான்னு இருந்துச்சு. பையன்தான் போகணும்னான்.

1975 டிசம்பர் 27. பக்கத்துல பழைய வேலை நடந்த எடத்துல தேங்கி நின்ன தண்ணி ஒடச்சுக்கிட்டு இங்க இருந்த நிலக்கரி மைனுக்குள்ள பாஞ்சுது, 375 பேரு போயிட்டாங்க. நம்ம நாட்டு மைன்கள்லயே பெரிய சாவு. தண்ணிய வெளிய எறைக்கறதுக்கு வெளிநாட்டு பம்பெல்லாம் கொண்டு வந்தாங்க, அப்பவும் வாரக்கணக்குல ஆச்சு. நினைவுச் சின்னம் இருக்கு, வருஷா வருஷம் அன்னிக்கு மாலை போடறாங்க.

பையன் போன்ல சட்டப் புத்தகத்த தெறந்து படிச்சுக் காமிச்சான். தண்ணி தேங்கின பழைய எடத்துக்கு 60 மீட்டருக்குள்ள போகணும்னா எழுதி அனுமதி வாங்கணும், முன்னாடியே துளை போட்டு தண்ணி இருக்கான்னு பாத்துக்கிட்டே போகணும். 1957 விதி. "சித்தி, 57"ன்னான். அதுக்கப்பறம் திரும்பி வர்ற வரைக்கும் அவன் பேசல. நானும் பேசல. ரோட்டோரம் லிட்டி சோக்கா சாப்டோம், கத்திரிக்காய் சுட்டு மசிச்சது நம்ம ஊர் சுட்ட கத்திரிக்காய் கொத்சுக்கு ஒண்ணுவிட்ட தம்பி.

நாள் 8

ஹாஸ்டல்ல விட்டாச்சு. கேட் வரைக்கும் வந்தான். அழல. நானும் அழல, ஆட்டோல ஏறினப்பறம் பாத்துக்கிட்டேன்.

நாள் 10, மாரிக்குப்பம் திரும்பவும்

வண்டிலருந்து நேரா அம்மாகிட்டதான் வந்தேன். கல்லு எப்படி இருக்கும்னு கேட்டுச்சே, பைலருந்து அந்த ஜரியாக் கல்ல எடுத்து கைல குடுத்தேன். அம்மா திருப்பித் திருப்பிப் பாத்துச்சு, தரைல ஒரு தட்டு தட்டுச்சு, "கெட்டியாத்தான் இருக்கு"ன்னுச்சு.

ஒரு சில்வர் கிண்ணத்துல தண்ணி ஊத்தி அதுல போட்டேன். பக்கத்துல இன்னொரு கிண்ணம், அதுல நம்ம வீட்டுக் கதவுக்கு முட்டு வைக்கற கருப்புக் கல்லு, அப்பா மைன்ஸ்லருந்து எப்பவோ கொண்டு வந்தது. ராத்திரி பூரா அப்படியே விட்டுட்டுத் தூங்கிட்டோம். காலைல டீ போட எழுந்த அம்மா என்னை எழுப்புச்சு. கருப்புக் கல்லு போட்டது போட்டபடி. இன்னொரு கிண்ணத்துல ஒரு கை அளவு சேறும் ரெண்டு சில்லும்.

அம்மா விரல விட்டு கலக்கிப் பாத்துச்சு. "இதுக்கு அடியிலயா நிக்கப் போறான்?"

"இதுக்குன்னே மார்க்கு போட்டு, இத்தனை போல்ட்டு அடிக்கணும்னு கணக்கு வச்சிருக்காங்கம்மா. மேல தைச்சு விட்டுருவாங்க."

"போல்ட்ட யாரு அடிப்பாங்க? கம்பெனி ஆளா, கான்ட்ராக்டா?"

இத நான் சார்கிட்ட கேட்டிருக்கணும், கேக்கல. பையனுக்கு போன் போட்டேன், எடுக்கல, கிளாஸ்ல இருப்பான். அம்மா கிண்ணத்த தூக்கிட்டுப் போய் முருங்கை மரத்தடில கொட்டிட்டு வந்து, மறுபடியும் போடுன்னுச்சு.